அப்டேட் ஆனதும் ரிமோட் டெஸ்க்டாப் திறக்கவில்லையா? எந்தப் படியில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டவர்கள்கூட அதையொட்டி விண்டோஸ் 11-க்கு மாறினார்கள். மாறிய கையோடு பலர் மாட்டிக்கொண்ட இடம் இது: நேற்றுவரை வீட்டிலிருந்து ஒரே க்ளிக்கில் திறந்த அலுவலகக் கணினி இன்றைக்குத் திறக்க மறுக்கிறது. பாஸ்வேர்ட் மாறவில்லை, ரௌட்டர் மாறவில்லை, அப்டேட் மட்டும்தான் நடந்தது.

இதற்கு உடனே கிடைக்கும் அறிவுரைகள் மூன்று. ஃபயர்வாலை நிறுத்து, என்எல்ஏ என்ற முன்கூட்டிய சரிபார்ப்பை எடுத்துவிடு, அப்டேட்டை நீக்கு. மூன்றுமே சில சமயம் வேலை செய்யும், சிக்கலே அதுதான். ஏன் வேலை செய்தது என்று தெரியாமலே கணினியைத் திறந்துபோட்டுவிட்டு நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். அப்டேட்டுக்குப் பிறகு வரும் கோளாறுகளில் நிஜமாகவே ஏதோ உடைந்துபோனவை குறைவு. பெரும்பாலும் ஏதாவது ஒரு பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே இறுக்கியிருப்பார்கள், ஒரு முனை புது விதிக்கு மாறியிருக்கும், இன்னொரு முனை பழையதிலேயே இருக்கும். இரண்டும் எந்தப் படியில் முட்டிக்கொள்கின்றன என்று தெரிந்தால் அந்த ஒரு இடத்தை மட்டும் சரிசெய்தால் போதும்.

## அடிப்படை: ஒரு இணைப்பு எத்தனை படி தாண்டுகிறது

இரண்டு சொற்களை முதலில் பிடித்துக்கொள்வோம். நீங்கள் உட்கார்ந்திருக்கும் கணினி க்ளையன்ட். போய்ச் சேரவேண்டிய கணினி ஹோஸ்ட். இரண்டும் பேசிக்கொள்ளும் மொழிதான் ஆர்டிபி. விண்டோஸில் பல வருடமாக இருக்கும் எம்எஸ்டிஎஸ்சி என்ற நிரல்தான் வழக்கமான க்ளையன்ட்.

'கனெக்ட்' பொத்தானை அழுத்தியதும் வரிசையாக நடப்பது இது:

1. பெயரை வைத்து ஹோஸ்டின் முகவரியைக் கண்டுபிடிப்பது.
2. அந்த முகவரியில் 3389 என்ற போர்ட்டைத் தட்டுவது.
3. ஹோஸ்ட் தன் சர்டிபிகேட்டைக் காட்ட, இருவரும் டிஎல்எஸ் மறையாக்கத்துக்கு ஒத்துக்கொள்வது.
4. நீங்கள் யார் என்று நிரூபிப்பது. இதற்குத்தான் என்எல்ஏ, கிரெட்எஸ்எஸ்பி என்ற பெயர்களெல்லாம் வரும்.
5. உங்களுக்கு அனுமதியும் லைசென்ஸும் இருக்கிறதா என்று பார்த்து செஷனைத் திறப்பது.
6. திரையை அனுப்ப ஆரம்பிப்பது. டிசிபி என்ற வழக்கமான பாதையோடு சேர்த்து யூடிபி என்ற வேகமான பாதையும் இந்தக் கட்டத்தில் திறக்கும்.

நிற்கும் விதத்தை வைத்தே படியை ஓரளவு சொல்லிவிடலாம். ரொம்ப நேரம் சுற்றிவிட்டு 'இணைக்க முடியவில்லை' என்றால் முதல் இரண்டில் ஒன்று. சட்டென்று, பாஸ்வேர்டே கேட்காமல் 'உள் பிழை' என்று ஒற்றை வரியில் அறுந்தால் மூன்றாவதைச் சந்தேகப்படலாம். பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால் நான்காவது. உள்ளே போனபிறகு கறுப்புத் திரை, உறைதல், சிறிது நேரத்தில் துண்டிப்பு என்றால் ஆறாவது.

## முதல் மூன்று படிகள்

பிங் செய்து பார்த்துவிட்டு 'கணினியே இல்லை' என்று முடிவுகட்ட வேண்டாம், விண்டோஸ் ஃபயர்வால் இயல்பாகவே பிங்குக்குப் பதில் சொல்லாது. பவர்ஷெல்லைத் திறந்து டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளையோடு ஹோஸ்டின் பெயரையும் போர்ட் 3389 என்பதையும் கொடுங்கள். கடைசி வரியில் 'ட்ரூ' என்று வந்தால் முதல் இரண்டு படிகள் சரி, ஃபயர்வால் பக்கம் இனி போகவே தேவையில்லை. 'ஃபால்ஸ்' என்றால் பெயருக்குப் பதில் ஐபி எண்ணைக் கொடுத்து மறுபடி பாருங்கள். ஐபி-யில் வந்து பெயரில் வராவிட்டால் கோளாறு பெயரை முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ்ஸில்.

ஐபி-யிலும் வராவிட்டால் ஹோஸ்டின் முன்னால் யாராவது போய் உட்கார வேண்டியதுதான். பார்க்க வேண்டியவை:

1. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ரிமோட் டெஸ்க்டாப். அது ஆன் ஆகியிருக்கிறதா? 'உங்கள் ஹோம் பதிப்பில் இந்த வசதி இல்லை' என்று அந்தப் பக்கமே சொல்கிறதா? இரண்டாவது நடப்பது எப்படி என்றால், ப்ரோ பதிப்பு ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவியிருப்பார்கள். கம்பெனியிலிருந்து வரும்போதே மதர்போர்டில் பதிந்திருக்கும் ஹோம் கீயை இன்ஸ்டாலர் தானே எடுத்துக்கொள்ளும், எதையும் கேட்காது. ஹோம் பதிப்பிலிருந்து வெளியே போகலாம், அதற்குள் யாரும் வர முடியாது.
2. நெட்வொர்க் 'பப்ளிக்' என்று மாறியிருக்கிறதா? பெரிய அப்டேட்டில் நெட்வொர்க் டிரைவர் மாறினால் பழைய வீட்டு நெட்வொர்க்கையே புதியதென்று விண்டோஸ் நினைத்துக்கொள்வதுண்டு. ஃபயர்வாலில் ரிமோட் டெஸ்க்டாப் விதி எந்த ப்ரொஃபைலுக்குப் போட்டிருக்கிறது என்று பாருங்கள், தனியாக வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ் இருந்தால் அதன் ஃபயர்வாலையும்.
3. 3389-க்குப் பதில் வேறு போர்ட் வைத்திருந்தீர்களா? அந்தப் போர்ட்டுக்குத் தனி விதி வேண்டும். மைக்ரோசாஃப்ட் தரும் தயார் விதி 3389-க்கு மட்டும்தான்.

மூன்றாம் படியில் வருவது சர்டிபிகேட் கோளாறு. ஹோஸ்ட் தனக்குத்தானே 6 மாதத்துக்கு ஒரு சர்டிபிகேட் எழுதிக்கொள்ளும், காலாவதியானால் தானே புதுப்பித்துக்கொள்ளும். சாவிகள் இருக்கும் மெஷின்கீஸ் ஃபோல்டரின் அனுமதிகள் கலைந்துவிட்டால் புதுப்பிக்க முடியாமல் போகும். கணினியின் சர்டிபிகேட் நிர்வாகத்தில் 'ரிமோட் டெஸ்க்டாப்' பகுதியில் இருப்பதை நீக்கிவிட்டு ரிமோட் டெஸ்க்டாப் சர்வீஸை மறுபடி தொடங்கினால் புதிது பிறக்கும், பிறக்காவிட்டால் அந்த ஃபோல்டரின் அனுமதிதான் குற்றவாளி. டிஎல்எஸ் 1.0 மட்டுமே தெரிந்த பழைய தின் க்ளையன்ட் பெட்டிகள் (சர்வரோடு இணைவதற்கென்றே இருக்கும் சின்னக் கணினிகள்) நிற்பதும் இதே படியில்தான். அவற்றுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் இருந்தால் போடலாம், இல்லையென்றால் பெட்டியை மாற்றுவது தவிர நல்ல வழி கிடையாது.

## நான்காம் படி: பெரும்பாலான தலைவலி இங்கேதான்

என்எல்ஏ என்பது, வீட்டுக்குள் உட்காரவைத்து காபி கொடுத்துவிட்டு 'நீங்க யாரு' என்று கேட்காமல் வாசலிலேயே கேட்டுவிடுவது. முழு செஷனைத் திறந்து லாகின் திரையைக் காட்டும் முன்பே பெயரும் பாஸ்வேர்டும் சரியா என்று முடித்துக்கொள்கிறது. அந்த அடையாளத்தைப் பாதுகாப்பாகக் கொண்டுபோகும் நெறிமுறைதான் கிரெட்எஸ்எஸ்பி. என்எல்ஏ-வை எடுத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் உங்கள் லாகின் திரைவரை வரலாம்.

2018-இல் நடந்தது. கிரெட்எஸ்எஸ்பி-யில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது, அதன் எண் சிவிஇ-2018-0886. நடுவில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்பவர் உங்கள் அடையாளத்தை வைத்தே சர்வரில் கட்டளை ஓட்டிவிட முடியும் என்ற அளவுக்கு மோசமானது. மார்ச் 2018-இல் மைக்ரோசாஃப்ட் திருத்தம் கொடுத்தது, ஆனால் பழைய கணினிகளோடும் பேசும்படி தளர்வாகவே விட்டுவைத்தது. மே 8 அன்று வந்த அப்டேட் அந்தத் தளர்வை எடுத்துவிட்டது. மே அப்டேட் போட்ட க்ளையன்ட், திருத்தம் போடாத சர்வரோடு பேச மறுத்தது. 'கேட்ட செயல்பாட்டுக்கு ஆதரவில்லை, கிரெட்எஸ்எஸ்பி என்க்ரிப்ஷன் ஆரக்கிள் ரெமடியேஷன் காரணமாக இருக்கலாம்' என்று ஒரு பெட்டி வந்து நின்றது. சர்வரை அப்டேட் செய்தால் தீரும். ஆனால் அந்த சர்வருக்குப் போக இருந்த ஒரே வழி ரிமோட் டெஸ்க்டாப்தான், அதுதான் திறக்கவில்லை!

தற்காலிக வழி ஒன்று இருந்தது: க்ளையன்டின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) 'அலவ் என்க்ரிப்ஷன் ஆரக்கிள்' என்ற மதிப்பை 2 என்று வைப்பது. அதாவது 'ஓட்டை இருந்தாலும் பரவாயில்லை, பேசு'. உள்ளே போய் சர்வரை அப்டேட் செய்துவிட்டு அந்த மதிப்பைத் திரும்ப எடுக்க வேண்டும். இன்றைக்கும் திருத்தம் போடாத பழைய விண்டோஸ் சர்வர் 2008, 2012 ஓடும் இடங்களில் புது விண்டோஸ் 11 கணினியிலிருந்து போகும்போது இதே பெட்டி தலைகாட்டும்.

2025-இல் நடந்தது. இது இன்னும் சுவாரசியம், ஏனென்றால் இதில் பிழைச்செய்தி உங்களைத் தவறான பக்கம் அனுப்பும். 2025 ஆகஸ்ட் 29 முதல் வந்த அப்டேட்களைப் போட்ட விண்டோஸ் 11-இன் 24எச்2, 25எச்2 பதிப்புகளிலும் சர்வர் 2025-இலும் 'பெயரோ பாஸ்வேர்டோ தவறு' என்று திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தது. பாஸ்வேர்ட் சரி. நேரில் உட்கார்ந்து அடித்தால் உள்ளே விடுகிறது. ரிமோட்டில் மட்டும் இல்லை, பகிர்ந்த ஃபோல்டரும் திறக்கவில்லை.

காரணம் எஸ்ஐடி. ஒவ்வொரு விண்டோஸும் நிறுவப்படும்போது தனக்கென்று ஒரு நீளமான அடையாள எண்ணை உருவாக்கிக்கொள்ளும். ஒரு கணினியை முழுதாகத் தயார்செய்து, அதன் டிஸ்க்கை அப்படியே க்ளோன் அடித்து மற்றக் கணினிகளில் போட்டால் எல்லாவற்றுக்கும் அதே எண்தான் இருக்கும். அதைத் தவிர்க்க க்ளோன் எடுக்கும் முன் சிஸ்ப்ரெப் என்ற கருவியை 'ஜெனரலைஸ்' தேர்வோடு ஓட்ட வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் எப்போதும் சொல்லும் விதி. எத்தனை பேர் ஓட்டினார்கள் என்பது வேறு விஷயம், ஏனென்றால் ஓட்டாவிட்டாலும் ஒன்றும் ஆகவில்லை. விண்டோஸ் உட்கூறுகளில் பெரிய கை என்று பெயரெடுத்த மார்க் ருசினோவிச்சே, எஸ்ஐடி மாற்றித்தரும் தன் நியூசிட் கருவியை 2009-இல் மூட்டைகட்டினார், ஒரே எண் இருப்பதால் நடைமுறையில் பாதுகாப்புச் சிக்கல் எதுவும் வருவதில்லை என்று விளக்கமும் எழுதினார். அன்றைய நிலைக்கு அது சரிதான். 2025 அப்டேட், விண்டோஸ் அடையாளம் சரிபார்க்கும் முறைகளான கெர்பரோஸ், என்டிஎல்எம் இரண்டிலும் கூடுதலாக ஒரு சோதனையைச் சேர்த்தது. ஒரே எண்ணுடைய இரண்டு கணினிகள் பேசிக்கொண்டால் அடையாளச் சீட்டு போலியாக இருக்கலாம் என்று கருதி நிராகரிக்கிறது.

உங்களுக்கு நடப்பது இதுதானா என்று பார்க்க வழி:

1. ஹோஸ்டில் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் கீழே சிஸ்டம் பகுதியில் 6167 என்ற எண்ணைத் தேடுங்கள். 'மெஷின் ஐடி ஓரளவு பொருந்தவில்லை, சீட்டு திருத்தப்பட்டிருக்கலாம், அல்லது வேறொரு பூட் செஷனைச் சேர்ந்ததாக இருக்கலாம்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.
2. இரண்டு கணினியிலும் அந்தந்தக் கணினியிலேயே உருவாக்கிய லோக்கல் கணக்கில் நுழைந்து, கட்டளைச் சாளரத்தில் ஹூஆம்ஐ கட்டளையை 'யூசர்' சேர்க்கையோடு ஓட்டுங்கள். வரும் நீண்ட எண்ணில் கடைசித் துண்டை விட்டுவிடுங்கள், அதற்கு முந்தைய மூன்று பெரிய எண்கள் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் அவை க்ளோன்கள். டொமைன் கணக்கில் (அலுவலக சர்வர் மொத்தமாக நிர்வகிக்கும் கணக்கு) பார்த்தால் பயனில்லை, அங்கே டொமைனின் எண்தான் வரும்.
3. தனியாக வாங்கிய, க்ளோன் அல்லாத ஒரு லேப்டாப்பிலிருந்து அதே பெயர், அதே பாஸ்வேர்டைப் போட்டுப் பாருங்கள். அதிலிருந்து போகிறது என்றால் சந்தேகம் ஏறக்குறைய உறுதி.

தீர்வு இனிப்பாக இல்லை. ஒரு கணினியை வைத்துக்கொண்டு மற்றவற்றில் விண்டோஸை முறையாகத் திரும்ப நிறுவ வேண்டும், அல்லது பேக்கப் எடுத்துக்கொண்டு சிஸ்ப்ரெப் ஓட்ட வேண்டும். ஓட்டினால் கணினி டொமைனிலிருந்து விலகிவிடும், மறுபடி சேர்க்க வேண்டும். சோதனையைத் தற்காலிகமாக நிறுத்தும் ஒரு க்ரூப் பாலிசியை மைக்ரோசாஃப்ட் ஆதரவுப் பிரிவிடம் கேட்டு வாங்கலாம், அது நிரந்தரம் இல்லை. பாஸ்வேர்டை மாற்றுவது, என்எல்ஏ-வை எடுப்பது, ஃபயர்வாலை நிறுத்துவது இவையெல்லாம் இந்தக் கோளாறில் வெறும் நேரவிரயம்.

பின் நம்பர் குழப்பம். விண்டோஸ் 11-க்கு மாறும்போது லோக்கல் கணக்கை விட்டுவிட்டு மைக்ரோசாஃப்ட் கணக்குக்குப் போயிருப்பீர்கள், தினமும் நாலு இலக்கப் பின் நம்பரை அடித்தே பழகியிருப்பீர்கள். அந்தப் பின் அந்தக் கணினிக்கு மட்டும் சொந்தம், ரிமோட்டில் செல்லாது. சைன்-இன் தேர்வுகளில் 'ஹலோ மட்டுமே அனுமதி' (பின், முகம், விரல்ரேகை மட்டும்) என்பது ஆன் ஆகியிருந்தால் அதை அணைத்து, ஹோஸ்டில் ஒரு தடவை நிஜ பாஸ்வேர்டை அடித்து நுழையுங்கள். அப்புறம் ரிமோட்டில் பயனர் பெயராக முழு மின்னஞ்சலையும் கொடுங்கள். க்ளையன்டில் சேமித்திருக்கும் பழைய லோக்கல் பெயரை அழித்துவிடுவது நல்லது, அது தானாகப் போய் நின்றுகொண்டு தொல்லை கொடுக்கும்.

நிறுவனக் கணினி என்றால் இன்னொன்று. விண்டோஸ் 11 22எச்2 முதல் என்டர்ப்ரைஸ் பதிப்பில் பாஸ்வேர்ட் விவரங்களைப் பூட்டிவைக்கும் க்ரெடென்ஷியல் கார்ட் தானாகவே ஆன் ஆகிறது, அது சேமித்த பாஸ்வேர்டை ரிமோட் டெஸ்க்டாப்புக்குக் கொடுக்க விடாது. கையால் அடித்தால் போகும். இது கோளாறே இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும்.

## ஐந்தாம் படி: நாலு மாதம் கழித்து வரும் கோளாறு

ஒரே சர்வரில் பலர் வேலை செய்யும் அலுவலகங்களுக்கு இது. சர்வர் 2016-ஐ 2022-க்கு ஏற்றுகிறீர்கள், எல்லாம் ஓடுகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். பழைய சர்வருக்கு வாங்கிய ஆர்டிஎஸ் கால் லைசென்ஸ் (ரிமோட்டில் நுழைபவருக்கோ அவர் கணினிக்கோ வாங்கும் அனுமதி) புது சர்வருக்குச் செல்லாது, கால் எப்போதும் சர்வரின் பதிப்புக்குச் சமமாகவோ புதியதாகவோ இருக்க வேண்டும். ஆனால் ரிமோட் டெஸ்க்டாப் சேவைக்கு 120 நாள் அவகாசம் உண்டு என்பதால் உடனே யாருக்கும் தெரியாது. அவகாசம் முடிந்த மறுநாள் காலையில் 'லைசென்ஸ் சர்வர் இல்லை' என்று எல்லோரையும் வெளியே தள்ளும். அப்போது நாலு மாதத்துக்கு முந்தைய அப்கிரேடை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள், நேற்று இரவு வந்த சின்ன அப்டேட்டைத்தான் திட்டுவார்கள். நிர்வாகி எம்எஸ்டிஎஸ்சி-யை 'அட்மின்' சேர்க்கையோடு திறந்தால் லைசென்ஸ் கேட்காமல் உள்ளே விடும், அதை வைத்து லைசென்ஸைச் சரிசெய்யலாம்.

டாலி ஓட்டுவதற்காகச் சாதாரண விண்டோஸில் ஒரே நேரத்தில் பலரை விடும் ராப்பர் கருவிகளைப் போட்டிருக்கும் சின்ன அலுவலகங்களும் உண்டு. அவை டெர்ம்எஸ்ஆர்வி என்ற விண்டோஸ் கோப்பின் உள்ளமைப்பைத் தெரிந்துவைத்துக்கொண்டு இயங்குபவை. அப்டேட் அந்தக் கோப்பை மாற்றினால் ராப்பர் விழும். லைசென்ஸ் விதிக்கு விரோதமான ஏற்பாடு என்பதால் மைக்ரோசாஃப்டிடம் போய்ப் புகார் சொல்லவும் முடியாது.

## ஆறாம் படி: உள்ளே போனபிறகு உறைவது

இந்தப் படியில்தான் நிஜமான அப்டேட் பிழைகள் கிடைக்கும். 2025 ஜனவரி கடைசியில் வந்த கேபி5050094 முன்னோட்ட அப்டேட்டுக்குப் பிறகு, விண்டோஸ் 11 24எச்2-இலிருந்து சர்வர் 2016-க்கோ அதற்கு முந்தையதற்கோ யூடிபி வழியாகப் போனால் சரியாக 65 நொடியில் இணைப்பு அறுந்தது. மார்ச் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு புகார்கள் கூடின, மார்ச் 27 அன்று கேபி5053656 அதைத் தீர்த்தது. இப்படி ஒவ்வொரு தடவையும் ஒரே கால அளவில் அறுந்தால் அது வயரோ வைஃபையோ இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம், நெட்வொர்க் கோளாறு கடிகாரம் பார்த்து வராது.

யூடிபி-தான் காரணமா என்று அறிய, இணைந்திருக்கும்போது மேலே வரும் நீலப் பட்டையில் சிக்னல் குறியை அழுத்துங்கள், யூடிபி ஓடுகிறதா என்று அதிலேயே எழுதியிருக்கும். க்ளையன்டின் க்ரூப் பாலிசியில் யூடிபி-யை அணைத்துப் பாருங்கள். வேகம் கொஞ்சம் குறையும், இணைப்பு நின்றுவிடாமல் ஓடினால் காரணம் கிடைத்துவிட்டது.

உபுண்டு பக்கம் சுருக்கமாக: 22.04 முதல் திரைப் பகிர்வு இயல்பாக விஎன்சி என்ற வேறொரு நெறிமுறையிலிருந்து ஆர்டிபி-க்கு மாறிவிட்டது, ஆகவே பழைய விஎன்சி க்ளையன்ட் நிற்பது இயல்பு. எக்ஸ்ஆர்டிபி என்ற தனி ஆர்டிபி சர்வரையும் உபுண்டுவின் டெஸ்க்டாப்பான நோமின் (க்னோம்) சொந்தப் பகிர்வையும் சேர்த்து ஓட்டினால் இரண்டும் 3389-க்குச் சண்டை போடும், ஒன்றை நிறுத்துங்கள்.

இன்னொரு குழப்பம் பெயரால் வந்தது. ஐபோனிலும் மேக்கிலும் இருந்த மைக்ரோசாஃப்ட் ரிமோட் டெஸ்க்டாப் செயலிக்கு 2024 செப்டம்பரில் 'விண்டோஸ் ஆப்' என்று பெயர் மாறியது. விண்டோஸ் ஸ்டோரில் இருந்த செயலிக்கான ஆதரவு 2025 மே 27-ஓடு முடிந்தது. அதைப் படித்துவிட்டு ரிமோட் டெஸ்க்டாப்பையே நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தவர்கள் நிறைய. நின்றது ஸ்டோர் செயலி மட்டும், எம்எஸ்டிஎஸ்சி இருக்கும் இடத்திலேயே இருக்கிறது.

## சரி, அப்டேட்டை நீக்கலாமா?

ஆறாம் படிப் பிழை என்றால், திருத்தம் வரும்வரை நீக்கிவைப்பது நியாயம். நான்காம் படி என்றால் நீக்குவது அந்தப் பாதுகாப்பைக் கழற்றுவதற்குச் சமம், அடுத்த மாத அப்டேட்டில் அதே சோதனை திரும்ப வந்து உட்காரும். பெரிய பதிப்பு மாற்றத்திலிருந்து பின்வாங்க விண்டோஸ் இயல்பாக 10 நாள்தான் தரும்.

ரௌட்டரில் 3389-ஐ நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடுவதை எந்தக் கட்டத்திலும் தீர்வாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019 மே மாதம் வெளியான ப்ளூகீப் ஓட்டைக்கு பாஸ்வேர்ட்கூடத் தேவைப்படவில்லை, ஆதரவு முடிந்து 5 வருடமான எக்ஸ்பி-க்கும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிடும் அளவுக்கு அது ஆபத்தானது. வெளியிலிருந்து வர விபிஎன் போடுங்கள்.

தூரத்தில் இருக்கும் சர்வரில் எதையாவது நீக்கும் முன் இரண்டாவது வழி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். விர்ச்சுவல் மெஷின் என்றால் அதன் கன்சோல், இல்லையென்றால் அங்கே கீபோர்டில் கைவைக்கக்கூடிய ஒரு ஆள். அவசரத்துக்குத் தளர்த்திய அமைப்புகளை எங்கேயாவது எழுதி வையுங்கள். 'அலவ் என்க்ரிப்ஷன் ஆரக்கிள்' உங்கள் கணினியில் இன்னும் 2 என்று இருந்தால், அதைப் போட்டவர் வேலையை விட்டே போயிருக்கலாம். சர்வரை அப்டேட் செய்துவிட்டு அந்த மதிப்பை எடுத்துவிடுங்கள்.